குழாய் திறக்காமல் வந்த தண்ணீர்

ஊசி மேல் உங்களில் பலருக்குக் கோபம். இரண்டு மாதமாக ஓரகத்தியிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே, அப்படி என்ன வீம்பு என்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் இந்த வாரம் அவளை நான் கொஞ்சம் புகழப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒரே வீடு, இரண்டு தளம். மேலே அண்ணனும் அவர் மனைவி மூத்தவளும். கீழே தம்பியும் அவன் மனைவி ஊசியும். ஆள் ஒல்லி, பிழைப்பு தையல், அதனால் மூத்தவள் வைத்த செல்லப் பெயர் அது. அண்ணன் தம்பியின் அப்பா படுப்பது கீழே, மத்தியானச் சாப்பாடு மேலே. கீழ்ச் சமையலறையிலிருந்து மேலே போக வீட்டுக்குள்ளேயே ஒரு மாடிப்படி. படி தொடங்குகிற இடத்தில், கீழேயே, ஒரு கதவு. எட்டு வருடமாக அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

அப்பாவின் கண் ஆபரேஷன் அன்று தம்பி வரவில்லை. அவன் இரவுப் பேருந்து ஓட்டுகிறவன், மாற்று ஆள் கிடைக்கவில்லை. "ஊரையெல்லாம் கொண்டுபோய்ச் சேக்குறான், வீட்டுக்கு மட்டும் வந்து சேர மாட்டான்" என்று அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால் சொன்னார். அது காதுக்கு எட்டியதும் தம்பி நேரே வந்து, "அப்படின்னா நடுவுல ஒரு சுவரை எழுப்பிக்கோ" என்றான். சொன்னவன் கோபத்தில் சொன்னான். கேட்டவர் கட்டட வரைபடம் போடுகிறவர். உடனே அளவெடுத்துவிட்டார்.

அன்றைக்கு அந்தக் கதவில் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் விழுந்தது. சென்ற வாரம் செங்கல் வந்து இறங்கியது. கதவு இருக்கும் இடத்தை அடைக்கக் கொத்தனார் நாளைக் காலை வருகிறார்.

பகல் முழுவதும் ஊசி பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். கை தைத்தது, காது மேலே இருந்தது. மூத்தவள் பாத்திரம் அடுக்குகிறாள், மூத்தவள் செருப்பு மாட்டுகிறாள், மூத்தவள் வெளிப்படி வழியாக வேலைக்கு இறங்குகிறாள். எழுந்து போய், "அக்கா, இந்தக் கதவை அடைக்க வேண்டாம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். இரண்டு தடவை எழுந்தாள். சுவரை எழுப்பச் சொன்னதே தன் புருஷன்தானே, அவனை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமே என்று இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வண்டியில் போகும் இரவுகளில் அவளுக்குப் பயம். யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே மூத்தவள் கண்டுபிடித்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து படி விளக்கை அணைக்காமல் கதவைத் திறந்து வைத்தாள், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில்தான் ஊசி எட்டு வருடம் தூங்கினாள். நாளைக்கு அந்த இடத்தில் செங்கல் வந்துவிடும். அப்புறம் கேட்டுப் பயனில்லை.

சாயங்காலம் நூல் வாங்கக் கடைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், மாமனாருக்குப் போட்டாள். பாத்திரம் கழுவி, சிங்க்கைத் துடைத்துவிட்டுப் படுத்தாள். கண் அசருகிற நேரத்தில் சமையலறையிலிருந்து 'களக்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று.

எழுந்து விளக்கைப் போட்டால் சிங்க் நிறையத் தண்ணீர். குழாய் இறுக மூடியிருக்கிறது. மேலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. தண்ணீர் அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பைத் தாண்டி, மேடையில் பரவி, தரையில் கொட்டத் தொடங்கியது. தரையில், மேடைக்குப் பக்கத்திலேயே, காலையில் கொடுக்க வேண்டிய சீருடை மூட்டை.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். கத்திவிட்டு சிங்க்கையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். ஊசி மூட்டையைத் தூக்கித் தையல் மெஷின் மேல் வைத்தாள். மெஷின் பிளக்கைப் பிடுங்கினாள். வெட்டுத் துணிகளைச் சுருட்டிக் கூடத்து வாசலில் அணை கட்டினாள். கொண்டையை இறுக்கிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் "ஐயோ" என்றாள். அதுவும் மெதுவாக, மாமனார் தூங்குகிறாரே என்று.

மாமனார் தூங்கவில்லை. கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, வீட்டுக்குள்ளயே கிணறு தோண்டிட்டியா?"

"அடைச்சுக்கிச்சு மாமா. வழுக்கி விழுந்துடாதீங்க, அங்கயே நில்லுங்க."

"காலைல ஆளைக் கூப்பிட்டுப் பாக்கலாமே."

"காலைல ஏற்கெனவே ஒரு ஆள் வர்றார்" என்றாள்.

மாமனார் வாயை மூடிக்கொண்டார். சுவர்ப் பேச்சு வந்தால் அவர் இரண்டு மாதமாக அப்படித்தான். கீழே பேசினால் மேலே சாப்பாட்டில் உப்பு இருக்காது, மேலே பேசினால் கீழே காப்பி ஆறிப்போய் வரும் என்பது அவர் கணக்கு.

ஊசி சிங்க்குத் தண்ணீரை மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினாள். கீழ் அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, உள்ளே தலையை விட்டு, சிங்க்குக்கு அடியில் வளைந்து போகும் குழாயைக் கையாலேயே திருகிக் கழற்றினாள். தன் நூல்தான் போய்ச் சிக்கியிருக்கும் என்று நினைத்தாள். வளைவுக்குள் ஒரு சட்டைப் பித்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. அப்படியானால் அடைப்பு இதற்கும் அப்பால், சுவருக்குள் போகிற குழாயில்.

வாளித் தண்ணீரில் கையை விட்டுக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணியைத் தொட்டே பருத்தி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று சொல்லுகிற விரல்.

"மணல் மாதிரி இருக்கு. நம்ம வீட்டுக்குள்ள மணல் எப்படி மாமா வந்துச்சு?"

மாமனார் கூரையைப் பார்த்தார்.

வளைவை மறுபடி மாட்டி, சிங்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ரப்பர் பம்பை ஓட்டை மேல் வைத்து ஊன்றி அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை. கால்களை அகட்டி நின்று, முழு பலத்தோடு மறுபடி அழுத்தினாள். சுவருக்குள் ஏதோ கடகடவென்று மேலே ஏறிப் போயிற்று. அடுத்த நொடி மாடியில் ஒரு பாத்திரம் விழுந்தது.

மாடியில் என்ன நடந்தது என்றால், மூத்தவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி முடித்திருந்தாள். அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறவள். யார் எந்த அவதியில் அழைத்தாலும் அவள் குரல் மட்டும் ஏறாது, இறங்காது. சிங்க்கிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் எழும்பி முகத்தில் அடித்தபோதும் அவள் கத்தவில்லை. கையிலிருந்த பாத்திரத்தைத்தான் போட்டாள்.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார். மனைவி நனைந்து நிற்பதைப் பார்க்காமல் சிங்க்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன போட்டீங்க இதுல?" என்று கேட்டாள் மூத்தவள்.

"நானா? ஒண்ணும் போடலியே."

"என்னங்க."

அந்தக் குரலிடம் பொய் சொல்லி யாரும் தப்பித்ததில்லை.

"போடல. கழுவினேன்" என்றார்.

"எதை?"

அவர் கண் தானாக உள்படிப் பக்கம் போனது. மூத்தவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேலைக்குப் போவதும் வருவதும் வெளிப்படியில் என்று ஆன பிறகு அவள் அந்தப் படியில் கால் வைக்கவே இல்லை. கடைசிப் படியில் நின்று வெளிச்சத்தை அடித்தாள். கதவுக்கு இந்தப் பக்கம், நிலையிலிருந்து நிலைவரை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒரு சுவர். நாலு வரிசைச் செங்கல். சாந்து இன்னும் ஈரமாக மின்னியது.

வரிசைகளை விரலால் எண்ணினாள். பிறகு அதற்கு மேலாகக் குனிந்து, தன் பக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்துவிட்டுக் கதவைத் தட்டினாள்.

அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் உடனே விலகியது. கதவு சமையலறைக்குள் திறந்தது. முழங்கைவரை நனைந்து, நெற்றியில் கரியோடு ஊசி நின்றாள். இரண்டு மாதமாக இந்த நொடிக்கென்று இரண்டு பேரும் மனசுக்குள் எத்தனையோ வசனம் தயாரித்து வைத்திருந்தார்கள். ஒன்றுகூட வரவில்லை.

"தண்ணி நிக்குதா, ஏறுதா?" என்று கேட்டாள் மூத்தவள்.

"நிக்குது. மொண்டு ஊத்திட்டேன்."

"கரன்ட் பக்கம் போச்சா?"

"பிளக்கைப் பிடுங்கிட்டேன்."

"மாமா?"

"காஞ்ச இடத்துல நிக்குறாங்க."

"உனக்கு எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்லக்கா" என்றாள் ஊசி. அக்கா என்று வந்துவிட்டது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. குனிந்து கீழே எதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அது சுவர் என்று புரிந்தது.

"நாளைக்குன்னுதானே சொன்னாங்க" என்றாள்.

மேல்படியில் அண்ணன் வந்து நின்றிருந்தார். "கொத்தனார் அடிவரிசையைக் கோணலா வெச்சுட்டா மேல எல்லாம் கோணலாத்தான் போகும். அதான் அடிவரிசை மட்டும் நானே வெச்சிடலாம்னு."

"நாலு வரிசை இருக்கு" என்றாள் மூத்தவள்.

"கை ஓடிடுச்சு."

"சாந்துச் சட்டியை எங்க கழுவுனீங்க?"

"பாத்ரூம்ல கழுவினா தரை பாழாகும், நீ கேப்ப. அதான் சிங்க்ல. மிச்சம் இருந்த சாந்தும் கொஞ்சம்…" என்று இழுத்தார்.

கூடத்து வாசலிலிருந்து மாமனார், "இவ நூல் வாங்கப் போயிருந்தப்ப நான் டக்கு டக்குன்னு சத்தம் கேட்டேன்" என்றார். இரண்டு மாதத்தில் சுவரைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. யாரும் அவரைத் திட்டவில்லை, நேரம் இல்லை.

"எப்ப இறுகும்?" என்று கேட்டாள் மூத்தவள்.

"விடியறதுக்குள்ள கல்லாயிடும். அப்புறம் சமையலறைச் சுவரை உடைச்சுத்தான் குழாயை எடுக்க முடியும்." குரல் இறங்கிப்போனது. "ரெண்டு வீட்டுக்கும் அது ஒரே குழாய்."

தெரியாமல் இருக்குமா? வீட்டுக்குப் படம் போட்டதே அவர்தான்.

ஊசி அதற்குள் மறுபடி அலமாரிக்குள் போய்விட்டாள். உள்ளிருந்து குரல் வந்தது. "நான் அழுத்துறதெல்லாம் மேல ஏறி உங்க சிங்க் வழியா போயிடுதுக்கா. மேல ஓட்டையை யாராவது இறுக்கி மூடணும். ஆனா முதல்ல சாந்தைக் கிளறி விடணும், இல்லைன்னா எவ்வளவு அழுத்தினாலும் நகராது. நீளமா, வளைஞ்சு போற மாதிரி ஒரு கம்பி வேணும்."

எழுந்து சுற்றிப் பார்த்தாள். பார்வை ஜன்னலில் நின்றது. ஒரே இழுப்பில் திரைச்சீலையைப் பிடுங்கி, அது கோத்திருந்த ஸ்பிரிங் கம்பியை உருவி எடுத்தாள். பத்து வீட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தவள் அவள். அந்தக் கம்பி எந்த மூலையில் வளையும், எங்கே மடங்காது என்று அவள் கைக்குத் தெரியும்.

மூத்தவள் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். ஈரச் சாந்து அவள் குதிகாலில் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, நீங்க மேல போய் டவலை நனைச்சு ஓட்டையை அமுக்கிக்கிட்டு நில்லுங்க. மாமா, நீங்க நடுப்படியில உக்காருங்க. நான் சொல்றதை மேல சொல்லுங்க. சுவத்தைப் பாத்துத் தாண்டுங்க."

அவள் சொன்னால் ஆம்புலன்ஸே கிளம்பும். இவர்கள் எம்மாத்திரம்.

வளைவைக் கழற்றிவிட்டு, சுவருக்குள் போகும் குழாய் வாயில் ஊசி கம்பியை நுழைத்தாள். ஒரு முழம் போனதும் தட்டியது. நெம்பவில்லை. இரண்டு விரலால் திருகினாள், கொஞ்சம் விட்டாள், மறுபடி திருகினாள். காது குழாயோடு ஒட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மெல்ல வெளியே இழுத்தபோது ஸ்பிரிங்கின் சுருளில் சாம்பல் நிறக் களி அப்பிக்கொண்டு வந்தது. வாளியில் அலசிவிட்டு மறுபடி நுழைத்தாள்.

மூத்தவள் பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் அடித்தாள். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் எத்தனையோ வீட்டு அவசரத்தைக் கேட்கிறவள் அவள். பதறாத மனிதர்கள் எவ்வளவு அபூர்வம் என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒருத்தியைக் கீழே வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இவள் நம் வீட்டுப் பெண் என்கிற பெருமை.

எத்தனை முறை கம்பி போய் வந்தது என்று யாரும் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் அது தட்டாமல் உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. ஊசி வளைவை மாட்டி இறுக்கினாள், சிங்க்கில் தண்ணீர் விட்டாள், பம்பைக் கையில் எடுத்தாள்.

"மேல அமுக்கச் சொல்லுங்கக்கா."

"மாமா, அமுக்கச் சொல்லுங்க."

"அமுக்குடா" என்றார் மாமனார். இரண்டு மாத மௌனத்துக்கும் வட்டி சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"அமுக்கிட்டேன்பா."

"நல்லா அமுக்குடா. உன் வேலைதான் இது."

ஊசி அழுத்தினாள். சுவருக்குள் உறுமியது. மறுபடி அழுத்தினாள். கை ஓயத் தொடங்கியது. மூத்தவள் டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே வந்து நின்று, ஊசியின் கை மேல் தன் கையை வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஊன்றி அழுத்தினார்கள். குழாய்க்குள் பெரிய மிடறு விழுங்குகிற சத்தம் கேட்டது. சிங்க்குத் தண்ணீர் சுழன்றது, சுழன்று மளமளவென்று இறங்கியது. வெளியே தொட்டியில் அது போய் விழும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது.

"விடச் சொல்லுங்க மாமா. போயிடுச்சு" என்றாள் மூத்தவள்.

ஊசி இரண்டு குழாயையும் நன்றாகத் திறந்துவிடச் சொன்னாள். மேலேயும் கீழேயும் வெகுநேரம் தண்ணீர் ஓடி, மிச்சம் இருந்த மணலையும் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் அவள் தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். விரல் நுனியெல்லாம் சாந்து காந்தியது. மூத்தவள் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்து, சோப்புப் போட்டு, நகத்துக்கு நகம் கழுவிவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கழுவி முடித்ததும் மூத்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படிப் பக்கம் திரும்பினாள். சுவரைத் தாண்ட ஒரு காலைத் தூக்கிவிட்டாள்.

"அக்கா."

கால் அந்தரத்தில் நின்றது.

"இந்தக் கதவை அடைக்கக் கூடாதுக்கா. அவர் கோவத்துல சொன்னார். நான் சொல்லல. எனக்கு இந்தக் கதவு வேணும்."

மூத்தவள் காலைக் கீழே வைத்தாள். இந்தப் பக்கமே வைத்தாள்.

"இதைச் சொல்ல ரெண்டு மாசமாடி, ஊசி?"

"நீங்க கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நான் நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் மூத்தவள். முகத்தில் அடித்த தண்ணீரைவிட அவள் கண்ணில் இப்போது அதிகம் இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் டவலோடு இறங்கி வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. என்ன சொல்வது என்று தெரியாத மனிதர் எப்போதும் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வார்.

"லெவல் கரெக்டா வந்திருக்கு" என்றார்.

மூத்தவள் குனிந்து பார்த்தாள். "வந்திருக்கு. நிஜமாவே அழகா இருக்கு" என்றாள். "எடுங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நடுப்படியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். அண்ணன் கீழே உட்கார்ந்து மேல்வரிசையின் முதல் கல்லைப் பிடித்து அசைத்தார். ஈரச் சாந்து சுலபமாக விட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு கல்லாக எடுத்து, அதன் முதுகை வழித்து, ஓரமாக அடுக்கினார். அடுக்கியதும் நேராகத்தான் இருந்தது, அது அவர் பிறவிக் குணம்.

"வழிச்ச சாந்தைத் தோட்டத்துல போடுங்க. சிங்க்ல இல்ல" என்றாள் மூத்தவள்.

கடைசி வரிசை பாதி இருக்கும்போது மெஷின் மேலிருந்து ஊசியின் போன் அடித்தது. பாதி ராத்திரியில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற இடத்திலிருந்து தம்பி அவளைக் கூப்பிடுவது வழக்கம். அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"தூங்கலியா? சுவர் வேலை நாளைக்குத்தானே?" என்றான். குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இருந்தான்.

ஊசி பதில் சொல்லவில்லை. சொன்னால் அவள் சொன்னதாகத்தானே இருக்கும், அண்ணன் சொன்னதாக ஆகாதே. மண்டியிட்டு நகர்ந்து போய், இரண்டு கையிலும் செங்கல் வைத்துக்கொண்டிருந்த அண்ணனின் காதில் போனை வைத்து, தானே பிடித்துக்கொண்டாள். அவர் மிரண்டு அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள்.

"நான்தான்" என்றார் அண்ணன்.

அந்தப் பக்கம் இஞ்சின் இரைவது மட்டும் கேட்டது.

"குழாய் அடைச்சுக்கிச்சு. நான்தான் அடைச்சேன். உன் பொண்டாட்டி எடுத்துட்டா. அவ இல்லைன்னா வீட்டையே உடைச்சிருக்கணும்." கையில் இருந்த கல்லைப் பார்த்தார். "சுவர் வரல. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது தப்பு. நாலு பேர் முன்னால பேசியிருக்கக் கூடாது."

இஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. மாமனார் நடுப்படியிலிருந்து ஒரு படி இறங்கி உட்கார்ந்தார்.

"அண்ணா" என்றான் தம்பி. "நீ இப்படிப் பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா நேத்து நான் அந்தக் காரியம் செஞ்சிருக்க மாட்டேன். நேர்ல வந்து சொல்றேன். அவகிட்ட இப்ப எதுவும் சொல்லாத. வண்டியை எடுக்கணும்."

லைன் அறுந்தது. எந்தக் காரியம் என்று புரியாமல் அண்ணன் காதை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் ஊசி.

அவர் கல்லைக் கீழே வைத்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணான்னு கூப்பிட்டான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.